போஸ்ட்ஃபிக்ஸில் பவுன்ஸ் மெயில்கள்: ஆறு ஆண்டு அனுபவம்

ஒரு சிறிய அலுவலகத்தின் மெயில் சர்வரைப் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளில் 6 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பவுன்ஸ், அதாவது மெயில் சேரவில்லை என்று அனுப்புநருக்குத் திரும்பும் அறிவிப்பு, தொடர்பாக நான் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது, எந்த மெயிலை உள்ளே விடுவது என்பதைத்தான்.

எங்கள் முதன்மை சர்வர், இல்லாத முகவரிகளுக்கு வருவதை வாசலிலேயே 550 என்ற நிரந்தர மறுப்புக் குறியுடன் மறுத்துவிடும். துணை எம்எக்ஸ் சர்வரிடம் (முதன்மைக்கு மாற்றாக மெயிலை வாங்கி வைக்கும் சர்வர்) முகவரிப் பட்டியல் இல்லாததால், அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, முதன்மை சர்வர் மறுத்த பிறகு அனுப்புநருக்கு பவுன்ஸ் எழுதியது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அவை சம்பந்தமே இல்லாதவர்களின் பெட்டிகளுக்குப் போயின. ஒரு நாள் காலை காத்திருக்கும் மெயில் வரிசையைக் காட்டும் 'போஸ்ட்க்யூ -பி' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, திரை நிறைய ஓடிய வரிகளில் அனுப்புநராக இருந்தது, பவுன்ஸ்களுக்கு இடப்படும் பெயரான மெய்லர்-டீமன் மட்டுமே. செல்லுபடியாகும் முகவரிகளைச் சொல்லும் 'ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்' பட்டியலைத் துணை சர்வரில் சேர்த்ததும் புதிதாகச் சேர்வது அன்றே நின்றது. தேங்கியவை வடிய ஐந்து நாள் ஆயிற்று. பவுன்ஸ்களுக்கான க்யூ ஆயுளை (சேராததை வரிசையில் வைத்து மீண்டும் முயலும் காலம்) அதன்பின் ஒரு நாளாகக் குறைத்தேன். இதுவரை அதனால் இழப்பு இல்லை.

சாதாரண மெயில்களுக்கும் இயல்பான 5 நாளை 2 நாளாகக் குறைத்தது என் தவறு. தொடர் விடுமுறையில் எதிர்முனை சர்வர் ஒன்று நின்றுபோக, அது எழுவதற்குள் எங்கள் கடிதங்கள் திரும்பிவிட்டன. மெயில் பரிமாற்றத்துக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 5321 குறைந்தது 4, 5 நாள் முயலச் சொல்வதன் காரணம் அப்போது புரிந்தது. 5 நாளையே மீட்டுவிட்டு, மெயில் இன்னும் சேரவில்லை என்று அனுப்புநருக்குச் சொல்லும் தாமத எச்சரிக்கையை 4 மணி நேரத்துக்கு வைத்தேன். இயல்பாக அது அணைந்தே இருக்கும். மீண்டும் அனுப்ப வேண்டாம் என்று எச்சரிக்கையிலேயே ஆங்கிலத்தில் இருந்தும் பலர் மறுபடி அனுப்பியதால், வார்ப்புருவில் அதைத் தமிழில் முதல் வரியாக எழுதினேன். எழுத்துக்குறியீட்டை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் உடல்பகுதியில் தமிழ் சரியாகவே வருகிறது. தலைப்பு வரிகளை மட்டும் ஆங்கிலத்திலேயே விட வேண்டும்.

'சாஃப்ட் பவுன்ஸ்' அமைப்பு நிரந்தர மறுப்பைத் தற்காலிக மறுப்பாக மாற்றுவதால், சோதனை வேளையில் பிழை செய்தாலும் மெயில் திரும்பாமல் காக்கும். ஒருமுறை அதை அணைக்க மறந்து மூன்று வாரம் விட்டுவிட்டேன். முகவரியில் ஓர் எழுத்தைத் தவறவிட்ட வெளியாள் ஒருவருக்கு, உடனே தெரிய வேண்டிய பிழை, அவருடைய சர்வர் முயன்று சலித்த ஐந்தாம் நாளில்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் அதை இயக்கும்போதே, அணைக்கும் கட்டளையையும் அன்று மாலைக்கு, குறித்த நேரத்தில் கட்டளையை இயக்கும் 'அட்' வழியாகப் பதிந்துவிடுகிறேன்.