டப்பாவில் 7028, உள்ளே வேறு நிறம்: மாதிரி டாங்கி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் வாகன பெயிண்ட் கலந்து தரும் கடைகளில், தம் இராணுவ மாதிரிகளுக்கான நிறத்தைக் கலக்கக் கொடுக்க எண்ணியிருப்போர் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

1943 பிப்ரவரியில் ஜெர்மானிய இராணுவம் தன் கவச வாகனங்களின் அடிநிறத்தை அடர் சாம்பலிலிருந்து அடர் மஞ்சளுக்கு மாற்றியது. 1:35 அளவிலான என் பாந்தர் டாங்கிக்கு அந்த மஞ்சள், அதாவது ஆர்.ஏ.எல். என்னும் ஜெர்மானிய நிற எண் வரிசையில் 7028, தேவைப்பட்டது. "நம்பர் மட்டும் சொல்லுங்க, கம்ப்யூட்டரே கலந்து குடுத்துரும்ங்க" என்று உறுதியளித்த கடைக்காரர், முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். அவர் தந்த டப்பாவில் 7028 என்று அச்சிட்ட சீட்டு இருந்தது. உள்ளே இருந்ததோ வெளிறிய மணல் மஞ்சள். இன்றைய ஆர்.ஏ.எல். ஷேடு கார்டில் 7028 என்ற எண்ணே கிடையாது. இல்லாத எண்ணை எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டதும், மணல் மஞ்சளான 1002-ஐக் கலந்துவிட்டு நான் சொன்ன எண்ணைச் சீட்டில் அடித்ததாகக் கூச்சமின்றிச் சொன்னார்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர், சரியான நிறம் பூசிய அட்டையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்தும்படி மறுபடி கலந்து தருவதாகச் சொன்னார். அவ்வாறு கலந்தது கடையின் டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தியது. திருப்பூர்ச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர், துணிக்கு ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் இரண்டையும் வைத்துக் காட்டினார்: கடை விளக்கான டி.எல். 84-இல் ஒன்றாகத் தெரிந்தவை, பகல் வெளிச்சமான டி65-இல் பிரிந்து, கடைக்காரரின் கலவை பச்சையடித்தது. வேறு நிறமிகளைக் கொண்டு எட்டிய பொருத்தம் விளக்கு மாறினால் குலையும் என்பது திருப்பூரில் சாய வேலை செய்வோர் அனைவரும் அறிந்ததே.

மஞ்சளின் மேல் உருமறைப்புக்காக அன்று பூசிய பச்சை, பழுப்பு பெயிண்ட் பசைகளைப் படைவீரர்களே பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள், ஆகவே துல்லியம் பார்ப்பதில் பொருளில்லை என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. களத்தில் நேர்ந்த வேறுபாடு, பொய்ச் சீட்டுக்கு நியாயமாகாது.

எனவே, கேட்கும் எண்ணை ஷேடு கார்டில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கலந்ததை ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் பூசி, காய்ந்த பிறகு வாசல் வெயிலில் ஒப்பிடுங்கள். அந்தத் துண்டு இன்னொன்றுக்கும் உதவும்: அக்கடைகளில் சேர்க்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், மாதிரிகள் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கக் கூடியது.