வண்டி எவ்வளவு கொடுக்குது? டீசல், டர்போ பெட்ரோல், ஹைபிரிட்: நிஜ மைலேஜில் யார் எங்கே ஜெயிக்கிறார்கள்

புது டீசல் கார் எடுத்தவரை முதல் மாதத்திலேயே பார்ப்பவர்களெல்லாம் கேட்பது, "வண்டி எவ்வளவு கொடுக்குதுண்ணா?" என்றுதான். பதினெட்டு என்பார், இருபது என்பார். அதே மாடலை, அதே மாதத்தில் வாங்கிய இன்னொருவர் பதிமூன்றைத் தாண்டவே இல்லை என்று வருத்தப்படுவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். டீசலா, டர்போ பெட்ரோலா, ஹைபிரிட்டா என்று யோசிப்பவர்கள் இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்வது நல்லது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு தூரம் தொடர்ந்து போகிறீர்கள் என்பதுதான் டீசலின் மைலேஜைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் அளவு, கியர்பாக்ஸ், டயர் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

காகித எண்

விளம்பரத்தில் வரும் எண், ஆய்வகத்தில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டி எடுத்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த என்இடிசி சோதனை மொத்தமே 11 கிலோமீட்டர், 20 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். அதற்கு மாற்றாக 2017 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கு வந்த டபிள்யூஎல்டிபி, 23 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓட்டுகிறது. வேகமும் 131 வரை போகிறது. இரண்டிலுமே ஏசி கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ தரும் எண், வேகமான ஓட்டம், வெயிலில் ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றையும் 2008 மாடல் ஆண்டிலிருந்து கணக்கில் சேர்ப்பதால் சாலை நிஜத்துக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும். ஆகவே ஒரு காரின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே சோதனையில் வந்தவையா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் சண்டை போடுபவர்கள்தான் அதிகம்.

காகிதத்துக்கும் சாலைக்கும் உள்ள தூரத்தை அளந்தும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் புதுக் கார்கள் தாங்கள் குடித்த எரிபொருளைத் தாங்களே பதிவு செய்தாக வேண்டும். 2021இல் பதிவான கார்களிலிருந்து கிடைத்த தரவை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. டபிள்யூஎல்டிபி எண்ணைவிடப் பெட்ரோல் கார்கள் சுமார் 24 சதவீதமும், டீசல் கார்கள் சுமார் 18 சதவீதமும் கூடுதலாகக் குடித்திருந்தன. காகிதத்தில் லிட்டருக்கு 20 என்று போட்டிருந்தால் டீசல் கையில் தருவது 17, பெட்ரோல் தருவது 16. சார்ஜ் போட்டு ஓட்டும் ப்ளக்-இன் ஹைபிரிட்டுகளோ காகித எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு குடித்திருந்தன. சார்ஜ் போடாமலேயே ஓட்டுபவர்கள் நிறைய என்பது அதிலேயே தெரிகிறது. வாக்குக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் டீசலில் குறைவு என்பதை நான் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டேஷ்போர்டா, டேங்க் ஃபுல்லா

டேஷ்போர்டு சொல்லும் எண், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து கம்ப்யூட்டர் போடும் கணக்கு. பல கார்களில் இது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே காரில் நேற்றைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் ஒப்பிட இது போதும். இரண்டு கார்களை ஒப்பிட உதவாது.

டேங்க் ஃபுல் செய்து, ஓட்டி, மறுபடி ஃபுல் செய்து வகுக்கும் பழைய வழிதான் சரி. ஆனால் டீசலில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. டீசல் நுரைக்கும். வேகமாக அடித்தால் நுரை முட்டி, டேங்க் நிறையும் முன்பே நாசில் கட் ஆகிவிடும். ஒருமுறை முன்கூட்டியே கட் ஆகி, அடுத்த முறை விளிம்பு வரை ஏறினால் ஒரு லிட்டர் வித்தியாசம் சுலபமாக வரும். 15 லிட்டர் மட்டும் நிரப்பி மைலேஜ் பார்த்தால் அந்த ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 7 சதவீதப் பிழை. 18 கொடுக்கும் வண்டி 17 கொடுப்பதாகவோ 19 கொடுப்பதாகவோ தெரியும். ஐந்து முறை 45 லிட்டர் நிரப்பி, எல்லாவற்றையும் கூட்டி ஒரே கணக்காகப் போட்டால், முதல் ஃபுல்லும் கடைசி ஃபுல்லும் மட்டுமே பிழைக்கு இடம் தரும். அதே ஒரு லிட்டர் அப்போது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

ஐந்து டேங்க் வரை காத்திருக்கச் சொல்வதற்கு டீசலில் இன்னொரு காரணம் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது டீசல் வாங்குபவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒன்று வண்டிக்குள் இருப்பதையே யாரும் சரியாக விளக்குவதில்லை.

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம்

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோலைவிட அழுத்த விகிதம் அதிகம். காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தும் திராட்டில் தடையும் பெரிதாக இல்லை. அதனால் வெப்பத்தை வேலையாக மாற்றுவதில் அது கெட்டிக்கார எஞ்சின். சின்ன ஓட்டத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனமே எதிராக நிற்கிறது. வீணாகும் வெப்பம் குறைவு என்பதால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும். ஐந்து கிலோமீட்டர் போய் வண்டியை அணைத்தால், மைலேஜ் நல்லபடியாக வரும் கட்டத்தைத் தொடும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது.

இனி டிபிஎஃப். சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அது நிறையும். நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து, புகைவழியின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் தேவை. அந்த நேரத்தில் செலவாகும் டீசல் காரை நகர்த்துவதற்கானது அல்ல, வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்கானது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது தெரியாமலேயே நடந்து முடிந்துவிடும். தினமும் பத்து நிமிடம் ஓடும் வண்டியிலோ பாதியில் அணைந்துபோகும். அடுத்த நாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணையும். டீசல் செலவு ஒரு பக்கம். பாதியில் நின்ற டீசல் சிலிண்டர் சுவர் வழியே கசிந்து எஞ்சின் ஆயிலில் கலப்பது மறுபக்கம். ஆயில் அளவு குறைய வேண்டிய டிப்ஸ்டிக்கில் ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தச் சுத்தம் நடந்துகொண்டிருப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு: ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருப்பது, வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் சத்தமாக ஓடுவது, சிக்னலில் ஆட்டோ ஸ்டாப் வேலை செய்யாமல் இருப்பது, சூட்டு வாடை. இவற்றைப் பார்த்தால் அன்றைக்குக் கொஞ்சம் சுற்றுப்பாதையில் வீடு போங்கள், முடிந்துவிடும்.

டர்போ பெட்ரோலுக்கும் குளிர்ந்த எஞ்சினில் மைலேஜ் அடிபடும், ஆனால் சீக்கிரம் சூடாகிவிடும். அதில் வடிகட்டி இருந்தாலும் புகையே அதிகச் சூடாக இருப்பதால் கரி பெரும்பாலும் போகிற போக்கில் எரிந்துவிடும். ஹைபிரிட்டும் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் எஞ்சினைச் சூடாக்க ஓட்டியே ஆகும், எனவே மிகச் சின்ன ஓட்டத்தில் அது அற்புதம் எதுவும் செய்யாது. இருந்தாலும் இந்த வகை ஓட்டத்தில் வரிசை தெளிவு: ஹைபிரிட், பெட்ரோல், கடைசியில் டீசல். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் இப்படித்தான் என்றால் டீசல் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

சிக்னலும் நெரிசலும்

நடுத்தர அளவுக் கார் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். ஏசி போட்டால் இன்னும் கூடும். ஒரு மணி நேர நெரிசலில் இருபது நிமிடம் நிற்கிறீர்கள் என்றால் ஏறக்குறைய 200 மில்லி, ஓர் அங்குலம்கூட நகராமல் போகிறது. ஹைபிரிட் இங்கேதான் தனியாக நிற்கிறது. நின்றால் எஞ்சின் அணைகிறது, மெதுவாக ஊரும்போது மோட்டார் இழுக்கிறது, பிரேக் அடிக்கும்போது வீணாகப் போக வேண்டிய சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. டீசலோ பெட்ரோலோ, பிரேக் அடித்த சக்தி அடித்ததுதான். நெரிசல் ஊரில் ஓடும் நல்ல ஹைபிரிட்டை எந்த டீசலாலும் பிடிக்க முடியாது. டீசலுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைப்பதால் அடிக்கடி கியர் மாற்றி எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. ஆக, டர்போ பெட்ரோலைவிட ஒரு படி மேலே.

நெடுஞ்சாலை, சுமை, ஏற்றம்

80 முதல் 100 வரை சீராகப் போகும் சாலை டீசலின் சொந்த வீடு. எஞ்சின் சூடாக, 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில், அமைதியாக ஓடுகிறது. பிரேக் அடிக்கும் வேலையே இல்லாததால் ஹைபிரிட்டுக்கு மீட்டெடுக்கச் சக்தியும் இல்லை. அதன் எஞ்சின் சிக்கனமானதுதான் என்பதால் ரொம்பப் பின்தங்காது, ஆனால் ஊருக்குள் காட்டிய மேலாதிக்கம் இங்கு இல்லை.

வேகம் கூடக் கூட எல்லோருக்கும் அடி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 90இல் போகும் காரை 120க்கு விரட்டினால் காற்றுத் தடை கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடும். உயரமான எஸ்யூவி டீசலையும் தாழ்வான பெட்ரோல் செடானையும் ஒப்பிட்டுவிட்டு டீசல் ஏமாற்றுகிறது என்று சொல்வது நியாயமில்லை. அங்கே பேசுவது எஞ்சின் அல்ல, வண்டியின் உடல்வாகு. ஒரே மாடலின் டீசல், பெட்ரோல் வடிவங்களை ஒப்பிட வேண்டும்.

ஐந்து பேர், பின்னால் நிறைய சாமான், மேலே மலைப்பாதை. என் பார்வையில் டீசல் உண்மையிலேயே பெயர் வாங்கும் இடம் இது. டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் அதிகச் சுமையில் புகை மிதமிஞ்சிச் சூடாகும்போது, அதைக் குளிரவைக்கவே கூடுதல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். மெதுவாக ஓட்டினால் 17 தரும் வண்டி, மிதித்து ஓட்டினால் சட்டென்று சரிவது இதனால்தான். டீசல் எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் எரிகிறது, அந்த வீண்செலவு அதற்கு இல்லை. சுமை ஏறினால் மைலேஜ் இறங்கும், ஆனால் விழுந்துவிடாது.

லிட்டர் கணக்கில் ஒரு கண்கட்டு

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசுவது நமக்குப் பழகிவிட்டது. ஒப்பிடும்போது அதைத் திருப்பிப் போடுங்கள்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்? மூன்று கார்கள் 14, 18, 22 கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடைவெளியும் நான்குதான். ஆனால் 100 கிலோமீட்டருக்கு 7.1, 5.6, 4.5 லிட்டர். முதல் தாவலில் மிச்சம் 1.6 லிட்டர், இரண்டாவதில் ஒன்றே ஒன்று. 20 கொடுக்கும் டீசலை வைத்துக்கொண்டு அது 22 கொடுக்கவில்லையே என்று தூக்கம் கெடுபவர், 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கும் குறைவான ஒன்றுக்காகத்தான் கவலைப்படுகிறார்.

இன்னொன்று, ஒரு லிட்டர் டீசலும் ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒன்றல்ல. டீசல் அடர்த்தியானது, லிட்டருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி அதில் இருக்கிறது. எரிந்தால் கரியமில வாயுவும் லிட்டருக்குச் சுமார் 2.6 கிலோ, பெட்ரோலில் சுமார் 2.3 கிலோ. எனவே டீசல் 18, பெட்ரோல் 16 என்றால் காற்றுக்குப் போகும் கரியமில வாயு ஏறக்குறைய சமம். புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்ற திரவம் ஊற்றும் டீசல் என்றால் அதையும் தனியாக எழுதி வையுங்கள். அது எரிபொருள் இல்லை, நீரில் கரைத்த 32.5 சதவீத யூரியா. ஆனால் ஓட்டத்துக்கு ஏற்பத் தீரும் செலவுதான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் மைலேஜ் வரவில்லை என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்க வேண்டாம். புது எஞ்சின் பதமாகி உராய்வு குறைய 5,000 முதல் 8,000 கிலோமீட்டர் வரை ஆகலாம். டயரில் காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் 0.2 சதவீதம் போகும். சின்ன எண்தான், ஆனால் ஆறேழு குறைந்த டயரோடு ஓட்டுபவர்கள் உண்டு. இறக்கத்தில் நியூட்ரல் போடுவது சிக்கனம் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுவதுமாக மூடிக்கொள்ளும், செலவு பூஜ்யம். நியூட்ரலிலோ ஐடிலுக்கு எரிந்துகொண்டே இருக்கும், வண்டியும் பிடியில் இருக்காது.

இன்னும் வாங்காதவர்கள் டெஸ்ட் டிரைவைக் காலை முதல் ஆளாகக் கேளுங்கள், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது. ட்ரிப் மீட்டரை அழித்துவிட்டு, நீங்கள் தினமும் போகும் வழியில், தினமும் போகும் வேகத்தில், ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். ஏற்கனவே நான்கு பேர் ஓட்டிச் சூடாக்கிய வண்டி காட்டும் எண், உங்கள் காலை நேரத்து ஆறு கிலோமீட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது.