மலைநாட்டுக்கு எந்த ஹீட்டர்: கீசரா, இன்ஸ்டன்டா, கேஸா, வெயிலா?

கொழும்பில் இருக்கும் உறவுக்காரர் டிவி வாங்கச் சொன்னால் கேளுங்கள், ஃபிரிட்ஜ் வாங்கச் சொன்னாலும் கேளுங்கள். வோட்டர் ஹீட்டர் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சு நமக்கு ஒத்துவராது. அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகையில் வருகிறது. இன்னும் 12 பாகை ஏற்றினால் குளிக்க இதமான 40 பாகை வந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே அங்கே 16 பாகை அளவுதான். தை, மாசி விடியலில் நானுஓயாவிலோ கந்தப்பளையிலோ குழாயைத் திறந்தால் தண்ணீர் 15 பாகை இருந்தாலே அதிர்ஷ்டம். அதை 40க்குக் கொண்டுபோக 25 பாகை ஏற்ற வேண்டும். ஒரே மெஷின், இரட்டிப்பு வேலை.

என் வீட்டில் இருப்பது 30 லீற்றர் கீசர், அதாவது தண்ணீரைத் தேக்கிவைத்துச் சுடவைக்கும் வகை. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இன்ஸ்டன்ட் ஹீட்டரை, அதாவது தேக்கிவைக்காமல் ஓடும் தண்ணீரையே சுடவைக்கும் வகையை. விலை குறைவு, பார்க்கச் சின்னதாக அழகாக இருக்கும், காத்திருக்கவும் வேண்டாம். வழக்கமாகக் கிடைப்பது 3.5 கிலோவொட். கணக்குப் போட்டால், கொழும்புத் தண்ணீரில் அது நிமிடத்துக்கு நாலு லீற்றருக்கு மேல் சுடுதண்ணீர் தரும். நம் தண்ணீரில் இரண்டு லீற்றர்தான். ஷவரின் கீழே நின்றால் ஒரு தோள் நனையும்போது மறு தோள் விறைக்கும். சரி, பெரியதாக 5.5 கிலோவொட் வாங்கலாம் என்றால் மூன்று லீற்றர் வரும், ஆனால் 24 அம்பியர் இழுக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை தந்திருப்பது 30 அம்பியர் இணைப்பு. யாராவது குளிக்கும் நேரத்தில் குசினியில் கேத்தலைப் போட்டால் கணக்கு 30ஐத் தாண்டிவிடும். தடித்த வயரும் தனியாக இழுக்க வேண்டும்.

இன்னொன்று வோல்டேஜ். லைனின் கடைசியில் இருக்கும் தோட்ட வீடுகளில் மாலையில் லைட் மங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் ஹீட்டரின் சூடு கால்வாசி குறைந்துவிடும். 3.5 கிலோவொட் மெஷின் அப்போது 2.6 ஆகத்தான் வேலை செய்யும். கீசருக்கும் இதே நட்டம்தான், ஆனால் அது கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஓடி ஈடுகட்டிவிடும். இன்ஸ்டன்டுக்கு அந்த அவகாசம் இல்லை. கண்டியிலோ கம்பளைப் பக்கத்திலோ வீடு என்றால் இன்ஸ்டன்ட் தாராளமாகப் போதும். அவர்கள் இதற்கு மேல் வாசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கீசர் 2 கிலோவொட் என்றால் 9 அம்பியருக்கும் குறைவு. 13 அம்பியர் சுவிட்ச் ஒன்றே தாங்கும். 30 லீற்றரை 15 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் எடுக்கும், ஏறக்குறைய ஒன்றரை யூனிட் போகும். அந்தச் சுடுதண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 20 லீற்றர் வாளியில் இரண்டரை வாளி வரும். வாளியில் மொண்டு குளிக்கிற வீட்டுக்கு இது நன்றாகவே கட்டுப்படியாகும். நாலு பேருக்கு என்றால் நடுவில் இன்னொரு தடவை சுட வேண்டும், அவ்வளவுதான். காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போதே கீசரையும் போட்டுவிட்டால் காத்திருப்பதாகவே தெரியாது.

லைட் பில்லைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கீசர் அதிகம் இழுக்கும், இன்ஸ்டன்ட் மிச்சம் என்பார்கள். ஒரு வாளித் தண்ணீரைச் சுடவைக்கத் தேவையான கரண்ட் இரண்டிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 0.6 யூனிட். நாள் முழுக்க கீசரைப் போட்டே வைத்தால்தான் சும்மா ஆறிப்போகிற சூட்டுக்காக மேலதிகமாகச் செலவாகும். குளிப்பதற்கு முன் போட்டு, சுட்டதும் நிறுத்துகிற வீட்டில் வித்தியாசம் மிகச் சிறியது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மாதம் 60 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்சார சபை தனியான குறைந்த கட்டணம் வைத்திருக்கிறது. நாலு பேர் தினமும் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால் மாதத்துக்கு 70 யூனிட் கூடும். அந்த எல்லை உடைந்தால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். கரண்டில் ஓடும் எந்த ஹீட்டர் வாங்கினாலும் இதைத் தப்ப முடியாது. 60க்குள் இருக்கிற வீட்டுக்காரர் கடைக்குப் போவதற்கு முன் பழைய பில்களை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் கூட்டல் கழித்தல். என்னை கீசர் பக்கம் தள்ளியது தண்ணீர்.

நம்மில் பாதிப் பேருக்கு வீட்டுக்கு வருவது பீலித் தண்ணீர். மேலே ஊற்றில் ஒரு சின்னத் தொட்டி, அங்கிருந்து தேயிலைக்குள் ஏறி இறங்கி வரும் அல்கதீன் (பிளாஸ்டிக்) குழாய். ஆனி, ஆடி மழையில் அதில் மண்ணும் மணலும் இலைச் சருகும் சேர்ந்து வரும். பன்றி கிண்டினாலோ மண் சரிந்தாலோ குழாய் விட்டுப்போகும். திரும்பப் பூட்டினால் மேடான இடத்தில் காற்று அடைத்துக்கொண்டு, நூல் போலத்தான் தண்ணீர் வரும். இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு இந்த மூன்றுமே ஆகாது. குறிப்பிட்ட அளவு அழுத்தமும் ஓட்டமும் இருந்தால்தான் அதன் உள்ளே இருக்கும் சுவிட்ச் வேலை செய்யும். கூரைமேல், ஷவரிலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும் தாங்கி தருவது வெறும் 0.3 பார் அழுத்தம். பம்ப் பூட்டிய மொடல் வாங்கலாம், ஆனால் அந்தப் பம்பில் மணல் புகுந்தால் அது வேறு செலவு. வாய்க்குள் இருக்கும் வலை சல்லடை மழைக்காலத்தில் அடிக்கடி அடைக்கும். ஐப்பசி இடிமழையில் மின்னல் விழுந்தால் முதலில் போவது உள்ளே இருக்கும் எலக்ட்ரோனிக் தட்டு. அந்தத் தட்டு நம் டவுன் கடைகளில் லேசில் கிடைக்காது.

சாதாரண கீசரில் கெட்டுப்போக மூன்று நாலு சாமான்தான் இருக்கின்றன: கொயில், தெர்மோஸ்டாட், தாங்கி அரிக்காமல் காக்கும் அனோட் கம்பி, வாஷர். மெதுவாகத் தண்ணீர் வந்தாலும் அது பாட்டுக்கு நிறைந்துகொள்ளும். மணல் வந்தால் அடியில் படியும். படிந்ததை வருடத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்ததும், வெளியேற்றிவிட வேண்டும். மெயினில் கரண்டை நிறுத்தி, தண்ணீர் ஆறியதும், உள்ளே வரும் வால்வை மூடி, காற்றுப் போக சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீழே இருக்கும் சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கினால் இறங்கிவிடும். முதலில் தேயிலைச் சாயம் மாதிரி வருவது தெளியும்வரை இரண்டு மூன்று தடவை நிரப்பி இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் சேறு கொயிலை மூடி, சூடு வெளியேற வழியில்லாமல் கொயில் எரிந்துபோகும். ஊற்று வாயில் வலை கட்டுவதும், நடுவே 500 லீற்றர் தாங்கி ஒன்று வைத்து அதன் அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே குழாயை எடுப்பதும் பாதி மண்ணை அங்கேயே நிறுத்திவிடும்.

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் கீசரில் சுண்ணாம்பு படியும் என்று எச்சரிப்பார்கள். அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம். நம் ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, லேசாகப் புளிப்புத்தன்மையும் உண்டு. கொயிலில் அதிகம் படியாது, அதற்குப் பதிலாக இரும்பைத் தின்னும். அதற்காகத்தான் உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று, அந்த அனோட், இருக்கிறது. தாங்கி அரிக்காமலிருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். கரைந்து முடிந்தால் அடுத்தது தாங்கிதான். ஓட்டை விழுந்த கீசரை ஒட்டவும் முடியாது, பழைய இரும்பு விலைக்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தண்ணீர் அழுகிய முட்டை வாசம் அடித்தாலும் இந்தக் கம்பியின் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கமாக வருகிற கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். சுடும்போது சேஃப்டி வால்வு சொட்டினால் கலவரப்படாதீர்கள். 30 லீற்றர் சூடாகும்போது ஏறக்குறைய அரை லீற்றர் பெருகும், அதுதான் வெளியே வருகிறது. சொட்டுகிறது என்று அதை அடைத்துவைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அது வீட்டுக்குள் வெடிகுண்டு வைப்பதுதான். ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றலாம்.

கீசரைப் போட்டதும், அல்லது போட்டுக் கொஞ்ச நேரத்தில், ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் பெரும்பாலும் கொயிலின் மேல்தோல் வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின் ட்ரிப் நின்றால் சந்தேகமே வேண்டாம். ட்ரிப்பைச் சுற்றி நேரடியாக வயர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். லைட் எரிகிறது, சூடு இல்லை என்றால் மூடிக்குள் இருக்கும் சின்ன ரீசெட் பட்டன் துள்ளியிருக்கலாம். மெயினை நிறுத்திவிட்டு அழுத்திப் பார்க்கலாம். மறுபடி துள்ளினால் தெர்மோஸ்டாட் போய்விட்டது, அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. ஊற்றுக் குழாய் விட்டுப்போன நாட்களில் கீசரைத் தொடவே வேண்டாம். கீழே இருக்கும் குழாயைத் திறந்தால் கீசரில் இருக்கும் தண்ணீர் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், வெறும் தாங்கியில் கொயில் நிமிடங்களில் கருகிவிடும். ஒருவழி வால்வு போட்டிருந்தால் இந்தப் பயம் குறைவு.

அடுத்தது கேஸ். இதை நான் அக்கா வீட்டில் பாவித்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். சுடுதண்ணீர் வரும் வேகத்தில் இதை அடிக்க வேறெதுவும் இல்லை. ஆறு லீற்றர் மெஷின் 10 கிலோவொட்டுக்கு மேல் சூடு தரும், கரண்ட் போனாலும் இரண்டு பற்றரியில் பற்றிக்கொள்ளும். 12.5 கிலோ சிலிண்டரை அடுப்புக்குத் தராமல் குளிக்க மட்டும் வைத்தால், நாலு பேர் வாளிக் குளியலுக்கு இரண்டு மாதம்வரை வரும். ஷவரில் தாராளமாகக் குளித்தால் அதில் பாதி. ஆனால் இதற்கும் தண்ணீர் அழுத்தம் வேண்டும். கடும் குளிரில் சிலிண்டருக்குள் இருக்கும் பியூட்டேன் ஆவியாகத் தயங்குவதால், சிலிண்டர் பாதியானதும் விடியலில் தீ சோர்ந்துபோகும். லயத்துக்கு மேலே ஐம்பது அறுபது படி ஏறித் தோளில் சிலிண்டர் சுமக்கிறவர்களுக்கு அதுவே ஒரு கணக்கு.

எல்லாவற்றையும் விடப் பெரியது புகை. குளிருக்குப் பயந்து நாம் ஜன்னல், ஓட்டை எல்லாம் அடைத்துக் குளிக்கிறவர்கள். மூடிய குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அடைத்த அறையில் கரி மூட்டித் தூங்கி எழும்பாமல் போனவர்களைப் பற்றிய செய்தி நுவரெலியாப் பக்கம் புதிதல்ல, இதுவும் அதே நஞ்சுதான். கேஸ் வாங்கினால் மெஷின் வெளிச்சுவரில் இருக்க வேண்டும், சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். அதில் சமரசம் கூடாது.

வெயில் ஹீட்டர் ஊரைப் பொறுத்தது. தென்மேல் பருவ மழையில் வட்டவளை, ஹட்டன், நுவரெலியா எல்லாம் வாரக்கணக்கில் மூட்டத்துக்குள் இருக்கும். சரியாகச் சுடுதண்ணீர் தேவைப்படும் மாதங்களில் தாங்கிக்குள் இருக்கும் மின்சாரக் கொயில்தான் வேலை செய்யும். அப்படியானால் அது கூரைமேல் வைத்த விலை கூடிய கீசர். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நல்ல வெயில். அங்கே இருக்கிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். நுவரெலியாவில் தை மாதம் உறைபனி விழும் இடமென்றால் தட்டைப் பலகை வகையைவிட, உள்ளே காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் வகை தாக்குப்பிடிக்கும்.

வாளிக்குள் போடும் சூட்டுக் கோலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். விறகடுப்பை மட்டும் இடித்துவிடாதீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனது, கேஸுக்கு வரிசை நின்றது. அந்த வருடம் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) வைத்திருந்த வீட்டில்தான் சுடுதண்ணீர் இருந்தது.

கீசர்தான் என்று முடிவெடுத்துவிட்டால், கடையில் மொடலைக் காட்டியதும் ஒன்று கேளுங்கள்: இதற்கான கொயிலும் அனோட்டும் வாஷரும் இப்போது இங்கே இருக்கிறதா? இருந்தால் அனோட் ஒன்றையும் வாஷர் ஒன்றையும் அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் நிச்சயம் கசியும். பூட்டுவதற்கு முன் எலக்ட்ரீசியனை வைத்து ஏர்த் கம்பியைப் பரிசோதிக்க வேண்டும். பாறை நிலத்தில் அரைகுறையாக அடித்த கம்பி பெயருக்குத்தான் இருக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடென்றால் ஹீட்டர் காசிலிருந்து முதலில் அதற்கு ஒதுக்குங்கள்.