ஜெட் ஃபின்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஏற்ற துடுப்பா?

அமெரிக்காவின் தம்பா விரிகுடாவில் 'ஃபிராக்மேன் ஸ்விம்' என்ற 5 கிலோமீட்டர் நீச்சல் 2010இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் இழந்த அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர் டேன் நோசனுக்காக நண்பர்கள் கடலில் இறங்கினார்கள். ஜனவரிக் குளிரில் நடக்கும் இந்த நீச்சலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் துணைக்கு ஒரு கயாக் (சிறு படகு) வரும். திரளும் பணம் சீல் வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் அறநிதிக்குப் போகிறது. நோசன் 2018இல் குளிர்கால பாராலிம்பிக் தங்கம் வென்றார். எந்த வீரரையும் இப்படித்தான் கௌரவிக்க வேண்டும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரப் பிள்ளைகளுக்கு லுமுட் கடற்படைத் தளமும் கடற்படையின் சிறப்புப் படையான பாஸ்காலும் பெரிய கனவு. அந்த 5 கிலோமீட்டரை இலக்காக வைத்துப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது, ராணுவ முக்குளிப்பாளர்கள் காலில் போடும் கறுப்பு ரப்பர் துடுப்பை வாங்கலாமா என்றுதான். அவர்கள் மனத்தில் இருப்பது ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின். 1965இல் வந்த வடிவம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

நீருக்கடிப் பயிற்சிக்கு இது அருமையான துடுப்பு. தகடு குட்டை, அகலம், விறைப்பு. பாறையில் இடித்தாலும் உடையாது. தகட்டின் அடியில் உள்ள துவாரங்கள் காலைத் திரும்ப இழுக்கும்போது தண்ணீரை விட்டுவிடுவதால் சுமை குறைகிறது. கனமான பொருளோடு நீந்த, தவளை உதை போட, பின்னோக்கி நகர இதைவிட நம்பகமானது குறைவு.

கடல் மேற்பரப்பில் 5 கிலோமீட்டர் நீந்துவதற்கு மட்டும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். ரப்பர்ப் பாலை உறையவைத்துச் செய்யும் பால் ஷீட் தண்ணீரில் மிதக்கும் என்பது ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 0.92. கரித்தூளும் நிரப்பிகளும் சேர்த்த இந்தத் துடுப்பின் ரப்பர் மூழ்கும். குளிர்நாட்டில் தடித்த நியோப்ரீன் (நுரை ரப்பர்) உடை கால்களை மேலே தூக்கும், துடுப்பின் எடை அதைச் சரிக்கட்டும். லுமுட் பக்கத்துத் தெலுக் பாத்தேக் கடற்கரையில் மெல்லிய நீச்சல் சட்டையோடு இறங்குகிறவருக்குத் தூக்கிவிட எதுவும் இல்லை. இடுப்பு தாழ்கிறது, உடம்பு சாய்கிறது, சக்தியில் நிறைய தண்ணீரின் எதிர்ப்பைச் சமாளிப்பதிலேயே போய்விடுகிறது. குதிகால் பட்டை அறுந்தால் துடுப்பும் அடியில் போய்விடும். நீண்ட தூரத்துக்கு மிதக்கும், மென்மையான தகடு கொண்ட துடுப்பே சரி.

அளவு பார்க்கும்போது 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் பூட்டி (காலுறை போன்ற காலணி) போட்டுக்கொண்டே பாருங்கள். வெறுங்காலில் போட்டால் குதிகாலும் மேல்பாதமும் உரிந்துவிடும். பட்டையைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினாலும் துடுப்பு உடனே நழுவக் கூடாது. மேல்பாதத்தை நெரிக்கவும் கூடாது. நெரித்தால் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும்.

ஈப்போ நீச்சல் குளத்தில் தொடங்குகிறவர்கள் 50 மீட்டரை 4 முறை, இடையில் 30 விநாடி ஓய்வு என்று ஆரம்பித்தால் போதும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி மிதித்தால் கெண்டைக்கால் பிடிக்கும். பிடித்தால் மல்லாந்து, முழங்காலை நீட்டி, துடுப்பின் நுனியை உங்கள் பக்கம் இழுங்கள். நீருக்கடியில் மூச்சடக்கிப் போகும் பயிற்சியில் முன்கூட்டி வேகவேகமாக மூச்சு வாங்கவே கூடாது. அது கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சு வேண்டும் என்ற உந்துதலைத் தள்ளிப்போடும். நினைவு முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். ஒருவர் அடியில் போனால் இன்னொருவர் மேலே நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

ரப்பர் கெடுவது பெரும்பாலும் வீட்டில்தான். மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் எண்ணெய் பக்கத்தில் வைத்தால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டால் தகடு வளைந்தபடியே நின்றுவிடும். பட்டையை இழுத்த நிலையில் மாட்டி வைத்தால் காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட இடத்தில் குறுக்குக் கீறல்களாகப் பிளக்கும். அது முதலில் கொக்கி ஓரத்தில்தான் தெரியும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, தட்டையாகக் கிடத்துங்கள்; நுனியில் நிறுத்தாதீர்கள். கூடவே வந்த பிளாஸ்டிக் பாத அச்சு இருந்தால் உள்ளேயே வையுங்கள். மேலே வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கலவையிலுள்ள மெழுகு வெளிவருவதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பூசணம் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

புதியது சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும், ஆகவே பழையதை வாங்குவதில் தவறில்லை. பாதப் பையும் தகடும் சேரும் இடத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள். மெல்லிய கீறல் வாய் திறந்தால் வேண்டாம். ரப்பர் பட்டை மட்டும் வெடித்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கி, துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் பட்டை மாட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 'வளர்ந்தால் சரியாகும்' என்று பெரிய அளவு எடுக்காதீர்கள். அந்த வயதுக் கணுக்காலுக்கு இந்தத் தகடு அதிகச் சுமை.