ஹெர்பி ஆசையில் அப்பாவின் பீட்டிலைக் கொடுத்துக் கெட்ட கதை

கொழும்பில் பழைய பீட்டில் கார் வைத்திருப்பவர்களும், வண்டியைப் படத்தில் வருகிற மாதிரி மாற்ற ஆசைப்படுபவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எங்களுடையது 1963ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில், நீல நிறம். அப்பா 1979இல் வாங்கியது. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் அதன் சத்தம் திரும்பினால் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிடுவா. போன வருட டிசம்பர் விடுமுறையில் அப்பாவும் என் மகனும் சேர்ந்து 'தி லவ் பக்' பார்த்தார்கள். 1968இல் டிஸ்னி எடுத்த படம். ஹெர்பி என்ற வெள்ளை பீட்டில் தன்பாட்டுக்கு ஓடும், கோபிக்கும், பந்தயத்தில் வெல்லும். அதுவும் 1963 மொடல். 'அப்பப்பாட காரும் ஹெர்பிதானே' என்று பொடியன் பிடித்த பிடியை விடவில்லை. உண்மையைச் சொன்னால் ஆசை எனக்குந்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடும் வரை பழைய வண்டிகளுக்கு இங்கே இருந்த மவுசு தெரியும்தானே. அந்தக் காலத்தில் 'ரெஸ்டோரேஷன்', 'தீம் கார்' என்று பலகை போட்ட கராஜ்கள் நிறைய முளைத்தன. முகநூலில் அப்படி ஒன்றைப் பிடித்தேன். முதலாளி பேசுகிற பேச்சில் மயங்காமல் இருக்க முடியாது. ஹெர்பியின் 53 என்ற இலக்கம் டொன் டிரைஸ்டேல் என்ற பேஸ்போல் ஆட்டக்காரர் சட்டையில் போட்ட இலக்கம் என்றார். படப்பிடிப்பு விளக்கு பட்டுப் பளபளக்கக்கூடாது என்று காரின் உட்பக்கத்துக்கு மங்கிய சாம்பல் நிறம் அடித்தார்கள் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், இரண்டும் சரி. இவ்வளவு தெரிந்த ஆளுக்குத் தகர வேலையும் தெரிந்திருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

பேசியது 480,000 ரூபாய். டிங்கரிங், ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே பெயின்ட், கோடுகளும் இலக்கமும் பெயின்டில், ஆறு கிழமையில் வேலை முடியும். 250,000 கையில் கொடுத்தேன். துண்டுத் தாளில் 'ஹெர்பி ஃபுல் ஜொப்' என்று எழுதித் தந்தார். என்னென்ன வேலை, என்ன பெயின்ட், வண்டியில் என்னென்ன சாமான் இருக்கிறது, ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. வங்கியில் வேலை செய்கிறேன் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறு கிழமை ஐந்து மாதமானது. இடையில் ஒருநாள் போன்.

“அண்ணே, படத்துக் காரின்ட கலர் பேர்ள் வைட். பேர்ள் எண்டா விலை கூடத்தானே. இன்னும் ஒரு அறுபது போட்டு விடுங்க.”

போட்டுவிட்டேன். இதைக் கவனியுங்கள்: பேர்ள் வைட் என்பது வொக்ஸ்வாகன் வைத்த பெயர் மட்டுமே. எல் 87 என்பது அதன் குறியீடு. முத்துப்போல மினுங்குகிற சங்கதி எதுவும் அதில் இல்லை, லேசாக மங்கிய சாதாரண வெள்ளை. ஆனால் இவர் புதுக் கார்களுக்கு அடிக்கிற மினுங்கல் வெள்ளையை அடித்து, அதற்கு என்னிடமே மேலதிகமாக வாங்கியும் விட்டார். வெயிலில் நிறுத்தினால் கலியாண மண்டப வாசலில் நிற்கிற கார் மாதிரி இருக்கிறது. வண்டிப் பதிவுப் புத்தகத்தில் நிறம் மாற்றித் தருவதாகச் சொல்லி வாங்கிய 25,000 தனிக் கணக்கு.

வண்டி வந்த நாள் பொடியன் துள்ளிக் குதித்தான். நானும் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். முன் மட்கார்ட் வண்டியின் பொடியோடு சேருகிற இடத்தில் குனிந்து, நகத்தால் கீறிப் பார்த்தார்.

“தம்பி, மட்கார்ட் கழட்டித்தான் அடிச்சவங்களோ?”

பீட்டிலின் நான்கு மட்கார்டும் போல்ட் போட்டுப் பூட்டியவை. மட்கார்டுக்கும் வண்டியின் பொடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் நாடா ஓடும். ஒழுங்காக வேலை செய்கிறவன் மட்கார்டைக் கழற்றி, உள்ளே துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, புது நாடா வைத்துப் பூட்டுவான். எங்கள் வண்டியில் அந்தப் பழைய கறுப்பு நாடாவுக்கு மேலேயே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்பாவின் நகத்தோடு அது வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வண்டியில் வைத்துப் பார்த்தேன். கூரையில் பிடித்தது, கதவில் பிடித்தது. கதவுக்குக் கீழே, கால் வைக்கிற பலகைக்கு உள்பக்கம் வைத்தால் வழுகி விழுந்தது. பீட்டிலில் முதலில் துருப் பிடிக்கிற இடம் அதுதான். வண்டியின் பலமும் அங்கேதான் இருக்கிறது. தெரிந்த ஒரு கராஜ் பாஸைக் கூட்டிவந்து ஸ்குரூ டிரைவரால் குத்தச் சொன்னோம். முதலில் புட்டி உதிர்ந்தது. அதற்குப் பின்னால் கசக்கி அடைத்த பத்திரிகைத் தாள். தகரம் என்று ஒன்று அந்த இடத்தில் இல்லவே இல்லை. அதே பாஸ் துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து எஞ்சின் மூடியின் உட்பக்கம் துடைத்தார். துணி வெள்ளையானது. டூ-கே காய்ந்துவிட்டால் தின்னருக்கு அப்படிக் கரையாதாம். அடித்திருப்பது மலிவான பெயின்ட்.

கோடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஸ்டிக்கர். மரின் டிரைவ் பக்கம் நிறுத்துகிற வண்டிக்கு உப்புக்காற்றும் வெயிலும் சேர்ந்தால் ஸ்டிக்கர் எத்தனை நாளைக்கு? மூன்றாம் கிழமையே பொனட் விளிம்பில் சுருளத் தொடங்கிவிட்டது. இடது கதவில் 53 கொஞ்சம் குடித்துவிட்டு நிற்கிறது.

இலக்கத் தகட்டுக் கதை வேறு. படத்தில் வருகிற ஓ.எஃப்.பி. 857 என்ற தகட்டை அச்சடித்து முன்னும் பின்னும் பூட்டியிருந்தார்கள். எனக்கும் புத்தி போகவில்லை, பொடியனை ஏற்றிக்கொண்டு காலி வீதிக்குப் போய்விட்டேன். பம்பலப்பிட்டியில் பொலிஸ் மறித்தது. இலக்கம் வேறு, புத்தகத்தில் நிறம் நீலம், வண்டி வெள்ளை. சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட எங்கள் பழைய இலக்கத் தகடுகள் முன் டிக்கியில் ஸ்பெயார் வீலுக்குக் கீழே கிடந்தன. அந்த ஸ்ரீ எழுத்தால் 57, 58இல் இந்த நாடு பட்ட பாட்டை அப்பா கதை கதையாகச் சொல்வார். அதே எழுத்து கையில் கிடைத்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த அதிகாரி நல்ல மனிதர், பின்சீற்றில் அழுகிற பொடியனைப் பார்த்துவிட்டு, அங்கேயே மாற்றிப் பூட்ட வைத்து, நிறத்தை உடனே பதிவு செய்யும்படி எச்சரித்து அனுப்பினார். எல்லாருக்கும் அப்படி அமையாது. மறுநாள் நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தேன். நிறம் மாற்ற எங்கள் வண்டிக்கு விண்ணப்பமே வந்திருக்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டால் முதலாளி கொஞ்சமும் கூசவில்லை.

“படத்துக் காருக்குக் கீழ யாருண்ணே குனிஞ்சு பார்க்கப் போறாங்க? ஃபோட்டோவுக்கு நல்லாத்தானே இருக்கு.”

வண்டியைக் கொடுக்குமுன் சக்கர மூடி, விளக்கு வளையம், காபரேட்டர் இலக்கம் எல்லாவற்றையும் தேதியோடு கிட்டப் படம் எடுத்து, பட்டியலில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி பீட்டில் மெக்சிக்கோவில் 2003இல் செய்து முடித்தது. பழைய ஜெர்மன் சாமானுக்கு இங்கே கிடைக்கிற விலை அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சொலெக்ஸ் காபரேட்டர் போய், பெயரில்லாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான்கு சக்கர மூடிகளும் புதுசு, காகிதம் மாதிரி மெல்லியவை. கேட்டால் ‘இப்பிடியேதான் வந்துச்சு’ என்கிறார். என்னிடம் படம் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். துண்டுத் தாள், பணம் அனுப்பிய வட்ஸ்அப் உரையாடல், பத்திரிகைத் தாள் தெரிகிற படங்கள் எல்லாம் இணைத்தேன். பிந்தாதீர்கள், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த ‘ஃபுல் ஜொப்’ தாளை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம்.

போன கிழமை அந்தக் கடையின் முகநூல் பக்கத்தில் புதுப் படம் ஒன்று போட்டிருந்தார்கள். பச்சை பீட்டில், பளபளவென்று. முன் இடது சக்கரத்து மூடியில், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, பிறைபோல ஒரு நெளிவு. 80களில் தெஹிவளைச் சந்தியில் அப்பா நடைபாதைக் கல்லில் உரசி வாங்கியதும் அதே இடத்தில்தான் இருந்தது. போனை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எங்கடதுதான்,” என்றார்.