கடையில் கொடுப்பதா, கல்லில் நாமே தீட்டுவதா?

வீட்டுக் கத்தி மொன்னையானால் சிங்கப்பூரில் நமக்கு இரண்டு வழி. துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போய், கத்திக்குப் பத்து முதல் இருபது வெள்ளி கொடுத்துத் தீட்டி வாங்கலாம். இல்லையென்றால் ஐம்பது வெள்ளி வாக்கில் ஒரு தீட்டுக்கல் வாங்கி, சிங்க் ஓரமாக நின்று நாமே தேய்க்கலாம். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, பல வீடுகளில் நடப்பது அதுதான்: ஒன்றும் செய்யாமல், தக்காளியை அறுப்பதற்குப் பதில் பிதுக்கிக்கொண்டே வருஷத்தை ஓட்டுவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் சமைக்கிற வீட்டுக்குக் கல்தான். கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை வீட்டில் செய்யப் போனால் கத்தியும் போகும், பொறுமையும் போகும். ஆனால் அன்றாடக் கூருக்குக் கடையை நம்பியிருப்பது நம் சமையலுக்கு ஒத்துவராது. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் எந்தக் கத்தி என்று பார்க்க வேண்டும். முஸ்தபாவிலும் பேட்டைக் கடைகளிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும் தாய்லாந்துக் கிவி கத்தி நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. மெல்லிய தகடு, மென்மையான ஸ்டெயின்லெஸ். அதைச் சாணைக்குக் கொடுத்தால் கூலியில் இன்னொரு கிவியே வாங்கிவிடலாம். இதற்குக் கடையா கல்லா என்ற கேள்வியே எழாது. மென்மையான உலோகம் என்பதால் கல்லில் சட்டென்று கூர் ஏறும், அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். கை பழக இதைவிட நல்ல கத்தி கிடையாது. கெட்டாலும் மனசு வலிக்காது.

அடுத்தது ஸ்வில்லிங், விக்டோரினாக்ஸ் வகை ஐரோப்பியக் கத்திகள். ராக்வெல் கணக்கில் இவற்றின் கடினம் ஏறக்குறைய 55 முதல் 58. ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். இந்த எண்ணால் நமக்கு என்ன? மென்மையான எஃகின் விளிம்பு பாவிக்கப் பாவிக்க ஒரு பக்கமாக மடங்கும். கடினமானது மடங்காது, பொடியாகச் சில்லுவிடும். மடங்கியதை நிமிர்த்தலாம். சில்லுவிட்டதைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும்.

தேக்கா சந்தையில் மட்டன் கடை பாய் நாலு துண்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் தொங்கும் நீளக் கம்பியை எடுத்து இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பிப்பார். பார்க்கிறவர்கள் கத்தி தீட்டுகிறார் என்று நினைக்கிறார்கள். ஒருமுறை கேட்டேன்: "பாய், இதுல தேய்ச்சாலே கூராயிடுமா?"

"ஏற்கனவே கூரா இருந்தா ஆகும்க்கா. மடிஞ்சதைத்தான் இது நிமித்தும். மொன்னையைக் கொண்டாந்தா கல்லுலதான் போடணும்."

கத்தி செட்டோடு வரும் கம்பியை வைத்தே காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஜப்பானியக் கத்தியை வரிவரியான இரும்புக் கம்பியில் இழுக்கவே வேண்டாம், விளிம்பு உதிரும்.

சரி, கடைக்கு வருவோம். கடையிலும் இரண்டு ஜாதி. ஒன்று, சுழலும் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்துக் கொடுப்பது. வேகமாக முடியும், கூலியும் குறைவு. ஆனால் விளிம்பு மெல்லிசு, சூடு நொடியில் ஏறிவிடும். கத்தியின் எஃகை உலையில் வைத்துப் பதப்படுத்தும் வெப்பத்தைவிட அது மேலே போனால் அந்த இடம் பதம் இழந்துவிடும். விளிம்பில் நீலம் ஓடியிருந்தால் சூடு குறைந்தது 300 டிகிரி செல்சியஸையாவது தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆன இடம் எத்தனை முறை தீட்டினாலும் சீக்கிரம் மழுங்கும்; அந்தப் பகுதி முழுக்கத் தேய்ந்து போனால்தான் நல்ல எஃகு வெளியே வரும். வெட்டுக்கத்திக்கு இது பரவாயில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய கத்தியை இப்படிக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, தண்ணீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சக்கரத்திலோ, கையால் கல்லிலோ தீட்டிக் கொடுக்கும் கடைகள். ஜப்பானியக் கத்தி விற்கும் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான். கொடுக்கும் முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "தண்ணீர் போட்டுத் தீட்டுவீர்களா? விளிம்பின் சாய்வை எத்தனை டிகிரி கோணத்தில் வைப்பீர்கள்?" தயங்காமல் பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம். ஒரு கடையில் கத்தியை வாங்கிப் பார்க்காமலேயே "எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான்" என்றார்கள். கத்தியைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்படிப்பட்ட கடைக்காரர் கையில் வரும் கூர் வீட்டில் வருவதைவிட நிச்சயம் மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் சில வேலைகளை அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கோழி எலும்பில் போட்டுச் சில்லுவிட்ட கத்தி, கீழே விழுந்து முனை உடைந்தது, பல் வைத்த ரொட்டிக் கத்தி, மீன் வெட்டும் ஜப்பானிய ஒருபக்கச் சாய்வுக் கத்தி எல்லாம் இதில் சேரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பாணி ஜெர்மன் கத்திகளில் பிடியை ஒட்டி விளிம்புவரை இறங்கும் ஒரு தடித்த உலோகப் பட்டை இருக்கும். வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட அலகு தேயும், அந்தப் பட்டை தேயாது. கடைசியில் பலகையில் வைத்தால் அடிப்பக்கம் பட்டை மட்டும் முட்டும், அலகுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். கொத்தமல்லி நறுக்கினால் தழைகள் வெட்டுப்படாமல் மாலையாகக் கோத்துக்கொண்டு வரும். கத்தி மழுங்கிவிட்டது என்று நாம் தீட்டிக்கொண்டே இருப்போம், குறையோ அந்தப் பட்டையில் இருக்கும். அதைத் தேய்த்து இறக்குவது மெஷின் வேலை.

கடைக்குப் போவதில் இன்னொரு சங்கடம், எடுத்துப்போவது. சட்டபூர்வமான காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது இங்கே குற்றம். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் பையைச் சோதிப்பதும் உண்டு. சாணைக்குக் கொண்டுபோவது நியாயமான காரணம்தான், ஆனாலும் அதை விளக்கும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். அட்டையில் உறை செய்து, டேப் ஒட்டி, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். நேராகக் கடைக்குப் போய் நேராக வீட்டுக்கு வாருங்கள். நடுவில் படம் பார்க்கப் போக வேண்டாம்.

இனி கல். வீட்டுக்கு ஒரே ஒரு கல் போதும், 1000 கிரிட். கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்; எண் ஏற ஏறக் கல் வழுவழுப்பாகும். மூவாயிரம், ஆறாயிரம் எல்லாம் மெருகேற்றத்தான். வெங்காயத்துக்கும் முருங்கைக்காய்க்கும் 1000-இல் வரும் கூரே தாராளம். தக்காளித் தோலில் வழுக்காமல் பிடிக்க அந்தச் சொரசொரப்பு கொஞ்சம் இருப்பதே நல்லது. கிங், ஷாப்டன் போன்ற ஜப்பானியக் கற்கள் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. சில கற்களைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், சிலவற்றில் மேலே தெளித்தாலே போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊறும் கல்லைச் சரியாகக் காயவிடாமல் அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் என் ஓட்டு தெளிக்கும் வகைக்கு.

எல்லோரும் பயப்படுவது கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிக்கும் கோணத்துக்குத்தான். அதற்கு நம் ஒரு வெள்ளி நாணயமே போதும். இப்போது புழக்கத்தில் இருக்கும் இருநிற நாணயத்தின் தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர். கத்தியின் அலகு 45 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். ஐந்து நாணயத்தை அடுக்கி, கத்தியின் முதுகை அதன்மேல் வைத்து, விளிம்பைக் கல்லில் படவிட்டால் கிட்டத்தட்ட 16 டிகிரி. ஆறு நாணயம் என்றால் 19, 20 வரும். ஐரோப்பியக் கத்திக்கு ஆறு, ஜப்பானியக் கத்திக்கு ஐந்து. அகலம் குறைந்த கத்திக்கு நாணயமும் குறையும். அந்தச் சாய்வைக் கண்ணும் மணிக்கட்டும் பிடித்துக்கொண்டதும் நாணயத்தை எடுத்துவிட்டுத் தேய்க்க வேண்டியதுதான். ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் கோணம் மாறிக்கொண்டே இருந்தால்தான் விளிம்பு உருண்டைதட்டும்.

எப்போது நிறுத்துவது? இழுப்பை எண்ணாதீர்கள், பிசிறைப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க எதிர்ப்பக்க விளிம்பில் மயிரிழை போல உலோகம் எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, அதாவது வெளிப்பக்கமாக, மெல்ல வருடினால் நகத்தில் தட்டும். அடி முதல் முனை வரை அது தொடர்ச்சியாகத் தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் போடலாம். நடுவில் தட்டி முனையில் தட்டாவிட்டால் முனையில் இன்னும் வேலை பாக்கி. பெரும்பாலும் அங்கேதான் பாக்கி இருக்கும். இரண்டு பக்கமும் எழும்பிய பிறகு, பக்கத்துக்கு ஒன்றாக, அழுத்தாமல், மாற்றி மாற்றிச் சில இழுப்பு. கடைசியாகப் பழைய தமிழ் முரசை மடித்துக் கல்மேல் வைத்து, விளிம்பு பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். அப்புறம் அதே தாளைத் தூக்கிப் பிடித்து வெட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் தீட்ட வேண்டும்.

பிசிறை எடுக்காமல் விடுவதுதான் "வீட்டில் தீட்டினால் ஒரு நாள்தான் தாங்குகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம். முதல் நாள் அந்தப் பிசிறு அறுக்கும், மறுநாள் அது மடிந்துபோகும்.

வி வடிவப் பிளவில் கத்தியை இழுக்கும் மலிவுச் சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிவிக்குச் சரி, நல்ல கத்தியில் உலோகத்தைச் சுரண்டி எடுக்கும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையத்தில் அம்மா தேய்ப்பாரே, அது இதைவிட மேல்.

அரிவாள்மனை இந்தக் கணக்கிலேயே வராது. எம்ஆர்டியில் தூக்கிப்போவது நடக்கிற காரியமில்லை, கடையில் அதை எப்படிப் பிடிப்பது என்றே யோசிப்பார்கள். அதன் வளைவைப் படுக்கவைத்துத் தேய்க்கவும் முடியாது. அங்கே கத்தி கல்லுக்கு வராது, கல்தான் அலகுக்குப் போக வேண்டும். கையடக்கமான சிறு கல்லை நனைத்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, விளிம்பிலிருந்து விலகும் திசையில் கல்லை நகர்த்துங்கள். தடித்த துணிக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது பணமும் நேரமும். மூன்று கத்தி, வருஷத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் கத்திக்குப் பன்னிரண்டு வெள்ளி என்றால் 108 வெள்ளி. கல்லோ ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வரும். ஆனால் பணம் எனக்கு முக்கியக் காரணம் இல்லை. தினம் சாம்பார், பொரியல், வாரத்தில் சில நாள் மீன் என்று நடக்கும் அடுப்படியில் கடைக்காரர் கொடுத்த கூரும் இரண்டு மாதத்தில் இறங்கிவிடும். எந்தக் கூருக்கும் அதுதான் கதி. கடையை மட்டும் நம்பினால் யாரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகப்போவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை போவதே அபூர்வம். ஆக, இரண்டு மாதம் அற்புதமான கத்தி, பத்து மாதம் மொன்னை. கல் வைத்திருப்பவருக்கு வருஷம் முழுக்கச் சுமாருக்கு மேலான கத்தி. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். வெங்காயம் அரிந்தாலே தெரிந்துவிடும்: மொன்னைக் கத்தி செல்களை நசுக்கும், கண்ணெரிச்சல் தரும் வாயு அதிகம் கிளம்பும்.

வார இறுதியில் மட்டும் சமைப்பவர், மணிக்கட்டு வலி உள்ளவர், ஒரே ஒரு விலையுயர்ந்த கத்தி வைத்திருப்பவர் கடைக்கே கொடுங்கள். அவர்களுக்குக் கல் வீண் செலவு. மற்றவர்கள் ஜெர்மன், ஜப்பானியக் கத்திகளை முதல் தடவை நல்ல கடையில் கொடுத்துக் கோணத்தைச் சரியாக வைத்து வாங்குங்கள். பிறகு அந்தக் கோணத்தைக் கல்லில் காப்பாற்றினால் போதும். மார்க்கர் பேனாவால் விளிம்பில் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் மை எங்கே அழிகிறது என்று தெரியும். விளிம்புவரை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள்.

கண்ணாடிப் பலகையைத் தூக்கி எறிந்துவிடுங்கள், மரமோ பிளாஸ்டிக்கோ போதும். நறுக்கியதை வாணலியில் தள்ளும்போது விளிம்பால் வழிக்காமல் முதுகால் வழியுங்கள். உறைந்த மீனை இளகவிட்டு வெட்டுங்கள். தீட்டிய அன்றைக்கு வீட்டில் சமைப்பவர் எல்லோரிடமும், பணிப்பெண் இருந்தால் அவரிடம் முதலில், சொல்லிவிடுங்கள். மொன்னைக்குப் பழகிய கை பழைய அழுத்தத்திலேயே அழுத்தும்.