ஸ்டிக்கரை நம்பி 18,000 போச்சு: நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் இரவு எங்கள் நாய்க்குட்டி பஞ்சு செத்துப்போனான். கை நடுங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். கோபம் ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டி, மீன், கிளி எல்லாம் விற்கிற ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கினோம். பெயர் போடப் போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை. லேப்ரடார் குட்டி. குட்டிக்கு 15,000, ‘ஊசிக்கு’ தனியாக 3,000. ஆக மொத்தம் 18,000. அந்த 3,000-ஐ மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவரம் தெரியாமல் போய் ஏமாந்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்பது வயசு நாய் இருக்கிறது, கிழவன் என்றுதான் கூப்பிடுவோம். கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே, “ஊசி போட்டிருக்கா தம்பி?” என்பதுதான். அவன் வாயால் பதில் சொல்லவில்லை. டிராயரை இழுத்து, தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்துவிட்டு மீன் தொட்டிப் பக்கம் போய்விட்டான். இரண்டு தேதி, இரண்டு பளபளப்பான ஸ்டிக்கர், கோணலாக ஒரு கையெழுத்து. நான் பார்த்து முடிக்கிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்தான். “செவன் இன் ஒன் ரெண்டு டோஸும் முடிஞ்சிருச்சுக்கா. கண்ண மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

கண்ணை மூடிக்கொண்டுதான் கூட்டிப்போனேன். ஸ்டிக்கரில் இருந்த பொடி எழுத்தை ஒரு வரி படித்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் குட்டி என் மகளின் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்போது யாருக்குப் படிக்கத் தோன்றும்? வற்புறுத்திப் பேசியிருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன். புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்தான் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

நாலாம் நாள் கண்ணில் பீளை. போன் செய்தேன். “வீடு மாறினா சளி பிடிக்கும்க்கா, வெந்நீர்ல தொடைங்க.” ஆறாம் நாள் காய்ச்சல், வாந்தி, மூக்கில் மஞ்சளாகச் சளி. “என்ன சாப்பாடு போட்டீங்க?” என்று என்னைத் திருப்பிக் கேட்டான். ஏதோ நான்தான் விஷம் வைத்த மாதிரி. அதற்கு மேல் பொறுக்காமல் கிழவனை எப்போதும் பார்க்கிற டாக்டரிடம் தூக்கிப்போனோம். கண்ணோரத்தில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து டெஸ்ட் செய்தார். டிஸ்டெம்பர். நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய். செவன் இன் ஒன் என்று பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற அந்தத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து உண்டு.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது என்றார். டிரிப்ஸ் ஏற்றலாம், வாந்தியை நிறுத்தலாம், கூடவே வரும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம். மற்றபடி குட்டியின் உடம்புதான் போராட வேண்டும். தட்டம்மை வைரஸின் நெருங்கிய சொந்தமாம் இது. தொற்றியபின் அறிகுறி வெளியே தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். நாலாம் நாளே பீளை வந்ததென்றால் கடையிலிருந்தே கொண்டு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

அதைக் கடைக்காரனிடம் சொன்னேன். அப்போது அவன் சொன்னதுதான் என்னை வாயடைக்க வைத்தது. “ஊசி போட்டாலும் சில குட்டிக்கு வரும்க்கா. உங்க டாக்டரையே கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது பாதி உண்மை. பிறந்ததும் குடிக்கிற சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பு சக்தி குட்டிக்கு வருகிறது. அது நோயையும் தடுக்கும், ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரம் அது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ‘ரெண்டு டோஸ் முடிஞ்சிருச்சு’ என்ற பேச்சே தப்பு, இரண்டில் எதுவும் முடிவதில்லை. ஆனால் போட்டிருந்தால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் புத்தகத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

முதல் ஸ்டிக்கரில் இருந்த காலாவதித் தேதி, ஊசி போட்டதாக எழுதியிருந்த நாளுக்கு நாலு மாதம் முந்தியது. இரண்டாவது ஸ்டிக்கர் தடுப்பு மருந்தினுடையதே இல்லை. இந்த ஊசி இரண்டு குப்பியாக வரும். ஒன்றின் அடியில் வெள்ளையாக உறைந்த தூள், வீரியம் குறைத்த வைரஸ் இருப்பது அதில்தான். இன்னொன்றில் அதைக் கரைக்கிற திரவம். இவன் ஒட்டியிருந்தது கரைக்கிற குப்பியின் ஸ்டிக்கர். அதிலும் வெறும் சுத்திகரித்த நீர் என்று அச்சடித்தே இருந்தது. எங்கேயோ குப்பையில் கிடந்த குப்பிகளிலிருந்து உரித்து ஒட்டியிருக்கிறான். கையெழுத்துக்குக் கீழே டாக்டரின் பதிவு எண்ணும் இல்லை.

3,000 கொடுத்து நான் வாங்கியது இரண்டு துண்டுக் காகிதம். அந்தத் தண்ணீரையாவது குத்தினானா என்றுகூடத் தெரியாது.

நடுவில் ஒரு வாரம் பஞ்சு தேறினான். சாப்பிட்டான், வாலாட்டினான். மகள் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். இருபதாம் நாள் வாயில் எதுவுமே இல்லாமல் மென்றுகொண்டே இருந்தான், சூயிங் கம் மெல்கிற மாதிரி. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. டாக்டருக்கு அந்த வீடியோவை அனுப்பினேன், உடனே போன் வந்தது. வைரஸ் மூளைக்குப் போய்விட்டது. அதன்பிறகு வலிப்பு. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. முந்தாநாள் டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன்.

பணத்தைக் கேட்டுக் கடைக்கு இரண்டு முறை நேரில் போனேன். முதல் முறை, “ஓனர் ஊர்ல இல்ல.” ஓனரே அவன்தான் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். இரண்டாம் முறை பில்லின் பின்பக்கத்தைக் காட்டினான்: உயிருள்ள பொருளுக்கு 24 மணி நேரம்தான் உத்தரவாதம். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று அவனே கூப்பிட்டான். “மனசு கேக்கலக்கா. வேற குட்டி தர்றேன், பாதி விலை குடுங்க போதும்.” 18,000 வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு பாதி!

கிழவன் மூன்று வாரமும் பஞ்சுவோடு ஒரே துண்டில்தான் படுத்திருந்தான். பிரித்து வைக்கச் சொன்ன பிறகும் கதவைச் சுரண்டி உள்ளே போய்விடுவான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவனுக்குக் குட்டியில் முழுசாகப் போட்டு, பிறகு பூஸ்டரும் தவறாமல் போட்டிருக்கிறோம். இது சிங்கத்தையே சாய்த்த வைரஸ். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம், இதில் போயின. எங்கள் கிழவனை ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு சாதாரணமாகத் தடுத்திருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஸ்டிக்கரைப் படியுங்கள்: மருந்தின் பெயர், காலாவதி, பேட்ச் எண். கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் குட்டியைக் காட்டுங்கள், அதற்கு விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். 16 வாரம் தாண்டி ஒரு டோஸ் போடும்வரை வெளி நாய்களோடு விடாதீர்கள். பழைய நாய் இருந்தால் அதன் பூஸ்டர் தேதியை முதலில் பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி, இந்த வைரஸ் வெளியில் அதிக நாள் தாங்காதாம், சாதாரணக் கிருமிநாசினிக்கே செத்துவிடுமாம். எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தட்டு, கயிறு எல்லாம் கழுவியாகிவிட்டது. அந்தத் துண்டு மட்டும் பாக்கி. கிழவன் அதை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.